‘அழிந்துவிட்டது’ என்று எழுதினால் திகதியையும் போடுங்கோ

1872இல் அல்பேர்ட் குந்தர் என்ற விலங்கியலாளர் லண்டனில் இருந்தபடியே, இலங்கையில் பிடிபட்ட ஒரு சின்னத் தேரைக்குப் பெயர் வைத்தார். இன்றைக்கு அதன் விஞ்ஞானப் பெயர் அடெனோமஸ் கண்டியானஸ். அதற்குப் பிறகு நூறு வருசத்துக்கு மேலாக அந்தப் பெயரில் ஒரு தேரையையும் யாரும் காணவில்லை. 2004இல் ஐயுசிஎன் அமைப்பின் சிவப்புப் பட்டியல் அதை ‘அழிந்துவிட்டது’ என்று அறிவித்தது. 2009இல் சிவனொளிபாத மலைக் காட்டில் அது உயிரோடு கிடைத்தது. 2012இல் ஆய்வுக் கட்டுரை வந்தது, செய்திகளும் வந்தன. அழிந்த தேரை திரும்பி வந்திட்டுது எண்டு எல்லாருக்கும் சந்தோசம்.

கதை அதோட முடியேல்லை. 1998இல் இலங்கை ஆய்வாளர்கள் கெலும் மனமேந்திர ஆராச்சியும் ரொஹான் பெத்தியகொடவும் மலைநாட்டு ஓடைகளில் வாழும் ஒரு தேரையைப் புதிய இனம் என்று விவரித்து, அடெனோமஸ் தாசி என்று பெயர் வைத்திருந்தார்கள். 2015இல் மரபணு, உடலமைப்பு எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, தாசியும் கண்டியானஸும் ஒரே இனம் என்று தெரிய வந்தது. விதிப்படி பழைய பெயர்தான் நிக்கும். அப்படியென்றால் 2004இல் ‘அழிந்துவிட்டது’ என்று அறிவித்த நேரத்திலேயே அந்த விலங்கு உயிரோடு இருந்திருக்கு. அதுவும் எங்கேயோ ஒளிச்சு இல்லை. ஆறு வருசத்துக்கு முதல் படத்தோட, அளவுகளோட, வேற பெயரில் பதிவாகி இருந்திருக்கு.

இதை வைத்துக்கொண்டு நூதனசாலைகளின் தரவுத்தளங்களைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேணும். பெரிய நூதனசாலைகள் தங்கட சேகரிப்பைக் கணினியில் ஏற்றத் தொடங்கிப் பல வருசம். எங்கட பக்கத்திலும் பழைய பதிவேடுகளை எக்செல்லுக்கு மாற்றுகிற வேலைகள் நடக்குது, பல்கலைக்கழக மாணவர்கள் அதில் கைகொடுக்கினம். அப்படி ஒரு வேலையைத் தொடங்கினதும் யாராவது ஒருவருக்கு வருகிற நல்ல யோசனை: “பெயருக்குப் பக்கத்தில ஒரு நிரல் போட்டு, இது ஆபத்தில இருக்கிற இனமா இல்லையா எண்டும் எழுதி விடுவமே.” கேட்க நல்லாத்தான் இருக்கு. என் கருத்தில், அந்த நிரலைக் கையால் நிரப்புவது ஒன்றுமே எழுதாமல் விடுவதை விடக் கெடுதல்.

அந்தத் தேரையையே எடுங்கோ. 2005இல் ஒருவர் உட்கார்ந்து, குந்தர் பார்த்த பழைய போத்தலுக்கு எதிரே ‘அழிந்தது’ என்று தட்டச்சு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கோ. இன்னொரு இடத்தில் இன்னொருவர் தாசி என்ற பெயருள்ள போத்தலுக்கு எதிரே வேறு ஏதோ ஒரு நிலையை எழுதுகிறார். ரெண்டு போத்தலிலும் ஒரே இனம். ஒன்று செத்துப்போன இனம், மற்றது உயிரோட இருக்கிற இனம். அதுக்குப் பிறகு வந்த 2012, 2015 கட்டுரைகள் அந்த நிரலைத் தானாகத் திருத்தப் போவதில்லை. எழுதினவர் வேலை மாறிப் போயிருப்பார். பத்து வருசம் கழித்துப் பார்க்கிற மாணவிக்கு அது உண்மை மாதிரியே தெரியும், ஏனென்றால் கணினியில் இருக்கு.

அடிப்படையில் பிழை இதுதான்: அழியும் ஆபத்து என்பது போத்தலில் இருக்கிற அந்தத் தனித் தேரையின் குணம் இல்லை. அந்தத் தேரை எங்கே பிடிபட்டது, எப்ப, யார் பிடித்தது என்பவை அதோடு ஒட்டினவை, அவை மாறாது. அது என்ன இனம் என்பது ஒருவர் ஒரு நாளில் சொன்ன அபிப்பிராயம், அது மாறலாம். அந்த இனம் இன்று எந்த நிலையில் இருக்கு என்பது அபிப்பிராயத்துக்கு மேல் இன்னொரு அபிப்பிராயம், அதைவிட வேகமாக மாறும். சிவப்புப் பட்டியல் 1964இலிருந்து இருக்கு, இப்போது ஒரு வருசத்துக்குள்ளேயே பல தரம் புதுப்பிக்கிறார்கள். இந்த மூன்றையும் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளில் போட்டால், எது கல், எது மணல் என்று பார்க்கிறவருக்குத் தெரியாது.

பெயர் மாறுவது பற்றி இன்னொரு உதாரணம், இது கொஞ்சம் துயரமானது. லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இலங்கையிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கொண்டுபோன புதர்த் தவளைகள் இருக்கு. அவற்றை மீண்டும் ஆராய்ந்தபோது, எந்தப் பெயருக்கும் பொருந்தாத ரெண்டு இனங்கள் அகப்பட்டன. 2007இல் மையா, பார்டஸ் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். பெயர் வைக்கிற அன்றைக்கே அவை அழிந்துபோயிருக்க வேணும் என்றுதான் எழுதினார்கள், ஏனென்றால் இலங்கைக் காடுகளில் எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. நூறு வருசத்துக்கு மேலாக அந்தத் தவளைகள் போத்தலுக்குள் வேற இனத்தின் பெயரோடு கிடந்திருக்கு. அந்தக் காலம் முழுக்க யாராவது ‘நிலை’ என்ற பெட்டியை நிரப்பியிருந்தால், அது வேற தவளையின் நிலையாகத்தான் இருந்திருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் தேவையில்லை. நிலைக்கு ஒரு தனி அட்டவணை. அதில் இனத்தின் பெயர், நிலை, யார் சொன்னது, எந்த வருசம், உலக அளவிலா நாட்டுக்குள்ளா. மாதிரிகளின் அட்டவணையில் பெயர் மட்டும். ரெண்டையும் பெயரால் இணைத்துவிட்டால் போதும். புதிய மதிப்பீடு வந்தால் பழைய வரியை அழிக்காமல் கீழே புதிய வரி சேர்க்க வேணும். அதேபோல ஒரு மாதிரியின் பெயரைத் திருத்தினாலும், பழைய பெயரையும் அதைச் சொன்னவரையும் திகதியையும் வைத்திருக்க வேணும். ஐயுசிஎன் தன் பட்டியலை நேரடியாகக் கணினிக்குத் தரும் வசதியும் வைத்திருக்கு, பதிவு செய்தால் கிடைக்கும். ஆயிரம் போத்தலுக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்வதை விட இது குறைந்த வேலை. “ஆக்கள் காணாது, நேரம் காணாது” என்று சொல்கிறவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான்.

‘உலக அளவிலா நாட்டுக்குள்ளா’ என்பதை ஏன் சேர்க்கச் சொல்கிறேன் என்றால், இலங்கைக்கு என்று தேசிய சிவப்புப் பட்டியல் தனியாக இருக்கு. 2007இலும் 2012இலும் வந்தது. உலகப் பட்டியலோடு அது எல்லா இடத்திலும் ஒத்துப்போக வேணும் என்று இல்லை. உலகப் பட்டியலுக்குள்ளேயே கூடச் சிக்கல் இருக்கு. 2008இல் சிறுத்தை என்ற முழு இனமும் ‘அச்சுறுத்தலை நெருங்கியது’ என்ற வகையில் இருந்தபோது, இலங்கைச் சிறுத்தை என்ற துணையினம் ‘ஆபத்துக்குட்பட்டது’ என்று இருந்தது. 2020இல் அதையே ‘பாதிக்கப்படக்கூடியது’ என்று ஒரு படி குறைத்தார்கள். ஒரு சிறுத்தைத் தோலுக்குப் பக்கத்தில் இனப்பெயரை மட்டும் எழுதியிருந்தால் ஒரு பதில், துணையினத்தையும் எழுதியிருந்தால் வேற பதில்.

இன்னொரு குழப்பம், பலபேர் சிவப்புப் பட்டியலைச் சட்டம் என்று நினைக்கினம். அது சட்டம் இல்லை. ஒரு மாதிரியை வெளிநாட்டுக்கு ஆய்வுக்கு அனுப்பலாமா என்பதைத் தீர்மானிப்பது சைட்டீஸ் உடன்படிக்கையின் பின்னிணைப்புகளும், எங்கட 1937ஆம் ஆண்டுத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும்தான். உடும்பைப் பாருங்கோ. சைட்டீஸில் அது முதலாம் பின்னிணைப்பில், அதாவது மிகக் கடுமையான கட்டுப்பாட்டில். ஆனால் சிவப்புப் பட்டியலில் பல வருசமாக ‘கவலை குறைந்தது’ என்றே இருந்தது. நூதனசாலையில் வேலை செய்கிற ஒருவர் தரவுத்தளத்தில் ‘கவலை குறைந்தது’ என்று கண்டுவிட்டு ஒரு உடும்பு எலும்புக்கூட்டைப் பொதி செய்து அனுப்பினால், சுங்கத்தில் மாட்டுப்படுவது அவர்தான். (உடும்புக்கறி சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையில் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. சட்டம் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.)

இதெல்லாம் ஏதோ கந்தோருக்குள் நடக்கிற கணக்கு வேலை எண்டு தோன்றலாம். அப்படியென்றால் 2021இல் கம்பஹாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கோ. குரூடியா செய்லானிக்கா என்ற மரம் 2012 தேசியப் பட்டியலில் அழிந்த இனங்களோடு இருந்தது. 2019இல் கம்பஹாவில் ஒரு மரம் உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டது. 2021இல் மத்திய அதிவேகப் பாதைக்காக அதை வெட்டப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. சனம் எதிர்ப்புத் தெரிவிச்சது, வெட்டுவது நிறுத்தப்பட்டது. அந்த மூன்று வருசங்களையும் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிற ஒரு தரவுத்தளமும், ‘அழிந்தது’ என்று மட்டும் எழுதி வைத்திருக்கிற ஒன்றும் அந்த வாதத்தில் ஒரே அளவு உதவாது. இயற்கைப் பாதுகாப்பில் ‘ரோமியோ தவறு’ என்று ஒரு சொல் இருக்கு. 1998இல் நைஜல் கொலர் என்ற பறவையியலாளர் வைத்த பெயர். ஜூலியட் செத்துவிட்டாள் என்று நம்பி ரோமியோ எல்லாவற்றையும் கைவிட்ட மாதிரி, ஒரு இனம் அழிந்துவிட்டது என்று அவசரப்பட்டு முடிவெடுத்தால், அதைத் தேடுவதையும் காப்பாற்றுவதையும் நாங்களே விட்டுவிடுவம்.

நிலையைப் பிழையாக எழுதினால் வருகிற எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. தரவுகளைப் பொதுவில் வெளியிடும்போது, ஆபத்தில் உள்ள இனங்களின் சரியான இடத்தை மறைப்பது வழக்கம். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் அது தானாகவே நடக்கும், இடம் பல கிலோமீற்றர் அகலமான ஒரு கட்டத்துக்குள் மங்கலாகிவிடும். எதை மறைக்கிறது என்பதை அந்த ‘நிலை’தான் சொல்லுது. எங்கட உலர்வலயத்தில் இருக்கிற நட்சத்திர ஆமையை வளர்ப்புக்கென்று கடத்துகிறார்கள். அதனால்தான் 2019இல் இலங்கையும் இந்தியாவும் சேர்ந்து கேட்டு, அது சைட்டீஸ் முதலாம் பின்னிணைப்புக்கு மாற்றப்பட்டது. 2019க்கு முதல் நிரப்பின ஒரு பெட்டியை நம்பி இன்றைக்கு ஒரு தரவுத்தளம் ஆமையின் இடத்தை வெளியில் விட்டால், அதை முதலில் வாசிக்கப் போவது ஆய்வாளர் என்று நம்புவதற்குக் காரணம் ஒன்றும் இல்லை.

வடக்கு கிழக்குப் பெடியளுக்கு இதில் இன்னொரு பங்கும் இருக்கு. சிவப்புப் பட்டியலில் ஒரு இனத்தை மதிப்பிடும்போது, அது எவ்வளவு இடத்தில் பரவியிருக்கு என்று பார்க்க நூதனசாலை மாதிரிகளின் இடக்குறிப்புகளையும்தான் எடுக்கினம். போர்க் காலத்தில் எங்கட காடுகளிலும் களப்புகளிலும் ஆய்வுக்குப் போய்வருவது லேசான காரியமாக இருக்கவில்லை. வரைபடத்தில் ஒரு இடம் வெறுமையாக இருந்தால், அங்கே அந்த இனம் இல்லை என்றும் வாசிக்கலாம், அங்கே யாரும் போகவில்லை என்றும் வாசிக்கலாம். சிவப்புப் பட்டியலில் ‘தரவு போதாது’ என்று ஒரு வகை இருப்பது அதற்காகத்தான், அதை வெட்கப்படாமல் பயன்படுத்த வேணும். ஒரு இடத்துக்குப் போய்த் தேடி ஒன்றும் அகப்படாமல் திரும்பின நாளையும் யாரும் பதிவதில்லை. எத்தனை பேர், எத்தனை மணித்தியாலம், எந்த மாதம் என்று அந்த வெறுங்கையையும் எழுத அட்டவணையில் ஒரு இடம் விடுங்கோ. பல்கலைக்கழகத்தில் விலங்கியல், தாவரவியல் படிக்கிற ஆக்கள் களப்பயணம் போய் வந்ததும் அந்தத் தாளைத் தூக்கி எறிய வேண்டாம்.