ஒரே சாக்கில் எல்லாக் கிழங்கும் ஏன்?

நான்கு மாதம் பாடுபட்டு விளைவித்த உருளைக்கிழங்கை, நான்கு மணி நேரத்தில் அள்ளி மூட்டை கட்டி லாரியில் ஏற்றிவிடும் வழக்கம் நீலகிரி மலையில் இன்னும் மாறவில்லை. பெருவெட்டு, நடுத்தரம், பொடி, மண்வெட்டி பட்டது, வெயில் பட்டுப் பச்சை ஏறியது எல்லாம் ஒரே சாக்கில் போகின்றன. மேட்டுப்பாளையம் மண்டியில் 45 கிலோ மூட்டையாக ஏலம் நடக்கிறது. அங்கே மூட்டையைக் கொட்டிப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது நல்ல கிழங்கு அல்ல, கெட்ட கிழங்குதான். விலையும் அதை ஒட்டியே அமைகிறது. பின்னர் அந்தக் கிழங்கே தரம் பிரிக்கப்பட்டு நகரங்களுக்குப் போகிறது. பிரித்த கூலி போக மிஞ்சும் லாபம் விளைவித்தவருக்கு இல்லை. தரம் பிரிக்கும் வேலை மண்டியிலிருந்து தோட்டத்திற்கு வரவேண்டும் என்பதற்கு இதுவே முதற் காரணம்.

சாப்பாட்டுக் கிழங்கே வழி

நீலகிரி விவசாயிக்கு இது மற்றவர்களைவிட முக்கியம். 1961-ஆம் ஆண்டில் உதகை அருகே உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு கண்டறியப்பட்டது. அதன் பிறகு நீலகிரிக் கிழங்கை விதைக்காக வெளி மாநிலங்களுக்கு அனுப்பத் தடை வந்தது. விதைச் சந்தை அடைபட்ட இடத்தில், சாப்பாட்டுக் கிழங்கின் தரம் ஒன்றே விலையைத் தாங்கி நிற்கக்கூடியது.

ரகத்தின் பெயர் தெரிய வேண்டும்

கடையில் வாங்குபவர் 'ஊட்டிக் கிழங்கு' என்று ஊர்ப் பெயர் சொல்லியே கேட்கிறார். ரகத்தின் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் சமையலில் வேறுபாட்டை அறிவார். மாவுத்தன்மை மிகுந்த கிழங்கு வெந்ததும் உதிரும். மசியலுக்கும் போண்டாவுக்கும் ஏற்றது. ஈரப்பதம் மிகுந்து இறுக்கமாக உள்ள கிழங்கு குழம்பில் கரையாமல் நிற்கும். வறுவலுக்கு உலர் எடை கூடுதலாகவும், சர்க்கரை குறைவாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெயில் கறுத்துவிடும்.

ஒரு காலத்தில் மலையில் கிரேட் ஸ்காட் என்ற சீமை ரகம் பெருமளவில் பயிரானது. 1968-இல் குப்ரி ஜோதி வந்தது. கண்கள் ஆழமில்லாத, நீள்வட்டமான வெள்ளைக் கிழங்கு. தோல் சீவும்போது சேதம் குறைவு. 1985-இல் வெளிவந்த குப்ரி சுவர்ணா நூற்புழுவைத் தாங்கக்கூடியது. வறுவலுக்கென்றே 1998-இல் குப்ரி சிப்சோனா ரகங்கள் வந்தன. இவற்றில் இரண்டைக் கலந்து ஒரே சாக்கில் போட்டால் ஒன்று வேகும், மற்றொன்று வேகாது. வாங்கியவர் மறுமுறை அந்தப் பக்கம் வரமாட்டார். ஆகவே ஒரு மூட்டையில் ஒரே ரகம். மூட்டையின் மேல் அதன் பெயர். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

கணக்குப் பார்த்தால்

ஒரு விவசாயியிடம் 20 மூட்டை இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். கலப்பாக விற்று மூட்டைக்கு ரூ.1,000 கிடைத்தால் மொத்தம் ரூ.20,000. அதையே பிரித்து, பெருவெட்டு 9 மூட்டை ரூ.1,300 வீதமும், நடுத்தரம் 8 மூட்டை ரூ.1,050 வீதமும், பொடி 2 மூட்டை ரூ.600 வீதமும் விற்று, கழிவு ஒரு மூட்டையை ஒதுக்கிவிட்டால் வரவு ரூ.21,300. கூலி ரூ.600 போனாலும் ரூ.700 மிச்சம், ஒரு மூட்டையின் சாக்கும் லாரி வாடகையும் மிச்சம். இது கணக்கு முறைக்கு ஓர் எடுத்துக்காட்டே. அன்றைய விலையைப் போட்டு அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். கிழங்குக்குக் கிராக்கி மிகுந்த நாளில் பிரித்ததற்கும் பிரிக்காததற்கும் வேறுபாடு குறைந்துவிடுவதும் உண்டு. வரத்து மிகுந்த நாளில்தான் பிரித்த கிழங்கு முதலில் விலைபோகும்.

மூட்டை கட்டும் முன்

அறுவடைக்கு 10 முதல் 15 நாள் முன்பே செடியை அறுத்துவிட்டால் தோல் முற்றும். தோண்டிய கிழங்கை வெயிலில் விடாமல், காற்றோட்டமான நிழலில் குவித்துச் சில நாள் ஆறவிட்டால் சிறு காயங்கள் மூடிக்கொள்ளும். வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கில் சோலனின் என்னும் நச்சுப்பொருள் கூடுகிறது. வேகவைத்தாலும் அது எளிதில் போகாது. ஆகவே பச்சைக் கிழங்கைப் பிறருக்கு விற்பதும் தவறு. வீட்டிற்கு வைத்துக்கொள்வதும் தவறு. தொலைவுக்குப் போகும் கிழங்கைக் கழுவக்கூடாது. ஈரம் இருந்தால் வழியிலேயே அழுகும்.

சாக்கு காற்றுப் புகுவதாக இருக்க வேண்டும். துளையில்லாத பிளாஸ்டிக் பையில் கிழங்கு வியர்த்து அழுகிவிடும். வலைப்பை காற்றுக்கு நல்லது, ஆனால் வெளிச்சத்தை விட்டுவிடும். கடையில் நிழலில் வைத்தால்தான் பயன். மண்டியிலிருந்து திரும்பும் பழைய சாக்கில் எந்தத் தோட்டத்து மண் ஒட்டியிருக்கிறதோ தெரியாது. அந்த மண்ணில் நூற்புழுவின் முட்டைக்கூடு இருந்தால், அது பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். சாக்கில் மிச்சம் பிடித்து நிலத்தை இழக்கலாகாது.

ஒரு கிலோ, இரண்டு கிலோ பொட்டலமாகக் கடைகளுக்குத் தர நினைப்பவர்கள் 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளை அறிந்திருக்க வேண்டும். பொருளின் பெயர், கட்டியவர் பெயர், முகவரி, நிகர எடை, கட்டிய மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை ஆகியவை பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டும்.

இரு தரப்பிலும் நேர்மை

ஐந்து மூட்டைக்காரர் தனியே பிரித்தால் ஒவ்வொரு தரத்திலும் ஒரு மூட்டைகூட முழுதாகத் தேறாது. பக்கத்துத் தோட்டத்தார் பத்துப் பேர் சேர்ந்து, ஒரே ரகத்தை ஒரே அளவுச் சல்லடையால் பிரித்து, ஒரே அடையாளத்துடன் அனுப்பினால் மண்டியில் மதிப்பு உண்டாகும். மண்டிக்காரர்களும் தரவாரியான விலையை எல்லோரும் காணப் பலகையில் எழுதவேண்டும். பிரித்து வந்த மூட்டையைக் கலப்பு மூட்டையின் விலைக்குக் கேட்பது நியாயமல்ல.

அதேபோல், மேலே பெருவெட்டைப் பரப்பி அடியில் பொடியை ஒளிக்கும் பழக்கத்தை விவசாயிகளும் விடவேண்டும். ஒருவர் செய்யும் இந்தச் சிறு தந்திரத்தால் ஊர் மூட்டை எல்லாவற்றையும் கொட்டிப் பார்க்கும் நிலை வருகிறது. கொட்டிய கிழங்கு அடிபடுகிறது. அடிபட்ட கிழங்கு அழுகுகிறது. அந்த நட்டம் கடைசியில் விளைவித்தவர் தலையில்தான் விழுகிறது. அடிவரை ஒரே தரமான மூட்டை என்று பெயர் எடுத்த ஊருக்கு, அந்தப் பெயரே அடுத்த போகத்தின் முதலீடு.