கண் டெஸ்ட்ல 6/6. ஆனா எதிர்ல வர்ற லாரி ரெண்டா தெரியுது!

1/9
விம்கோ நகர், எண்ணூர் பக்கம் டிரெய்லர் ஓட்டுறவங்க, கிரேன் இயக்குறவங்க, வெல்டிங் பண்றவங்க உங்க வீட்ல இருந்தா இந்த இழையைக் கடைசி வரை படிங்க. காலையில் தெளிவா இருக்கிற கண், சாயங்காலம் இமை தொங்கி எல்லாம் ரெண்டு ரெண்டா தெரிஞ்சா, அது வெறும் அசதின்னு விட்டுடாதீங்க.

2/9
இதுக்கு ஒரு முக்கிய காரணம் மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பு கொடுக்கிற உத்தரவைத் தசை வாங்குற இடத்தை நம்ம நோய் எதிர்ப்பு சக்தியே தாக்குது. வேலை செய்யச் செய்யத் தசை சோரும், ஓய்வெடுத்தா தேறும். பாதிக்கு மேற்பட்டவங்களுக்கு முதல் அறிகுறியே கண்ணுலதான்.

3/9
ஏன் தவற விடுறோம்? கண் டெஸ்ட் பெரும்பாலும் காலையில், ஒரு கண்ணை மூடிக்கிட்டு நடக்குது. ஒரு கண்ணை மூடினாலே இந்த இரட்டைப் பார்வை மறைஞ்சிடும்! ரிப்போர்ட்ல 6/6. சாயங்காலம் தொங்கின இமையைப் பார்த்தா "குடிச்சிருக்கியா?"ன்னு கேள்வி வேற.

4/9
நீங்க செய்ய வேண்டியது: காலையும் மாலையும் முகத்தை போட்டோ எடுத்து டாக்டர்கிட்ட காட்டுங்க. ரத்தப் பரிசோதனை நார்மல்னு வந்தாலும் நோய் இல்லைன்னு முடிவு கட்ட முடியாது.

5/9
மருந்து இருக்கு. பைரிடோஸ்டிக்மின் மாத்திரை, தேவைப்பட்டா ஸ்டீராய்டு. இரட்டைப் பார்வைக்கு ஒரு பக்கக் கண்ணாடியை மறைச்சாலே தற்காலிக நிம்மதி கிடைக்கும். ஆனா அது சரியாகும் வரை ஸ்டியரிங் தொடாதீங்க. 1980களில் இந்த நோய் வந்த அமிதாப் பச்சன் இன்னைக்கும் நடிக்கிறார்.

6/9
மெடிக்கல் ஷாப்ல நீங்களா மாத்திரை வாங்காதீங்க. சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், ஏன், டிமோலால் கண் சொட்டு மருந்து கூட இதை மோசமாக்கலாம்.

7/9
விழுங்க முடியலை, பேச்சு குழறுது, மூச்சு வாங்குதுன்னா உடனே அவசர சிகிச்சைப் பிரிவு. இமை திடீர்னு தொங்கி, கடுமையான தலைவலி இருந்தாலும் அப்படித்தான். அது வேற ஆபத்து.

8/9
இப்போ என் வாதம். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகைகள் இருக்கு. பார்வைக் குறைபாட்டை அது அளக்கிறது பார்வைக் கூர்மையும் பார்வைப் பரப்பும் வெச்சுத்தான். மயஸ்தீனியா பெயர் பட்டியல்லயே இல்லை. 6/6 வாங்கினவர் வேலைக்கும் லாயக்கில்லை, சலுகைக்கும் லாயக்கில்லை! அதனாலேயே பலர் நோயை மறைச்சு வண்டி ஓட்டுவாங்க. ஆபத்து அவருக்கு மட்டுமா? ரோட்ல போற உங்களுக்கும்தான்.

9/9
கம்பெனிகள் ஷிப்ட் முடியும் நேரத்தில், ரெண்டு கண்ணையும் திறந்து வெச்சு ஒரு பரிசோதனை சேர்க்கட்டும். நோய் தெரிஞ்சா கிரேன்ல இருந்து இறக்குங்க, வேலையில இருந்து இறக்காதீங்க. விம்கோ நகர்ல மெட்ரோ ஏறினா நேரா சென்ட்ரல். எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. நரம்பியல் பிரிவில் காட்டுங்க. தெரிஞ்ச டிரைவர் அண்ணனுக்கு இதை அனுப்புங்க.