செடியா குற்றவாளி?

சென்ற கோடை விடுமுறையில், கோத்தகிரிப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் நடந்த பேச்சே இக்கட்டுரைக்கு வித்து. பச்சைத் தேயிலைக்கு விலை கட்டவில்லை என்று என் தந்தையார் வருந்திக் கொண்டிருந்தார். அருகிலிருந்த பெரியவர் ஒருவர், "வடக்கே உத்தரகாண்டில் கஞ்சாச் செடி பயிரிட அரசாங்கமே உரிமம் கொடுக்கிறதாம். அதுவும் மலை, இதுவும் மலை. நமக்கு மட்டும் ஏன் கூடாது?" என்றார். உடனே இன்னொருவர், "பிள்ளைகளைப் படிக்க அனுப்பிவிட்டுப் போதைப் பயிரா வைப்பது?" என்று சீறினார். இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. விடுமுறை முடிந்து வந்ததும் நூலகத்தில் சட்ட நூல்களைப் புரட்டினேன். அதன்பின் என் மனத்தில் உருவான கருத்தை இங்கே வைக்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம் தீரவேண்டும். வயலில் பசுந்தாள் உரமாக உழப்படும் சணப்பு வேறு. கோணிப்பைக்கு நார் தரும் சணல் வேறு. கஞ்சாச் செடி வேறு. கஞ்சாச் செடியின் தண்டில் கயிறும் துணியும் ஆகத்தக்க நார் உண்டு. விதையில் உணவுக்குரிய எண்ணெய் உண்டு. போதை தரும் டி.எச்.சி. என்னும் பொருள் பெண் செடியின் பூங்கொத்திலேதான் மிகுதி. நாருக்கென வளர்க்கப்படும் வகைகளில் அது மிகக் குறைவு. ஆக, தொழிலும் தொல்லையும் ஒரே செடிக்குள் குடியிருக்கின்றன.

சட்டம் இதை அறியாததன்று. 1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் உளவெறியூட்டும் பொருட்கள் சட்டம், பூக்கும் அல்லது காய்க்கும் நுனியையே கஞ்சா என்கிறது; நுனியோடு சேராத விதையையும் இலையையும் அதில் சேர்ப்பதில்லை. அதன் 10ஆம் பிரிவு, கஞ்சாச் செடி பயிரிடுவதை அனுமதிக்கவும் ஒழுங்குபடுத்தவும் மாநில அரசுகளுக்கு அதிகாரம் தருகிறது. நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட அரசு அனுமதி தரலாம் என்கிறது 14ஆம் பிரிவு. இந்த வழியில்தான் உத்தரகாண்ட் அரசு 2018இல் உரிமம் வழங்கியது. செடியில் டி.எச்.சி. 0.3 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது அங்கே நிபந்தனை.

தமிழகத்தின் நிலை வேறு. இராஜாஜி முதல்வராயிருந்தபோது 1937இல் வந்த மதுவிலக்குச் சட்டம், முதன்முதலில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் மதுவோடு கஞ்சாவையும் தடுத்தது. பூ நுனியோடு இலையையும் சிறு காம்பையும் சேர்த்தே தடுத்தது. மைய அரசின் சட்டம் ஒதுக்கிவிட்ட இலையை மாநிலச் சட்டம் பிடித்துக் கொள்கிறது! இன்னொரு விந்தையும் உண்டு. 2021இல் மைய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இச்செடியின் விதையையும் விதையெண்ணெயையும் உணவுப் பொருளாக ஏற்று, அவற்றுக்குத் தர அளவு வகுத்தது. எனவே அந்த அளவுக்கு உட்பட்ட எண்ணெயைக் குன்னூர்க் கடையில் விற்கலாம். குன்னூர் விவசாயி அச்செடியை வளர்த்தாலோ சிறை.

கள்ளுக்கடை மறியல் காலத்தில் பெரியார் தம் தோப்புத் தென்னைகளை வெட்டி வீழ்த்தினார். அது தனிமனிதர் ஒருவரின் தியாகம், போற்றுவோம். ஆனால் 1987 முதல் கள் இறக்கத் தடை விதித்துள்ள அரசு, எந்தத் தோப்பையும் வெட்டச் சொல்லவில்லை. தேங்காயும் கயிறும் நமக்கு வேண்டும், கள்தான் வேண்டாம் என்று பிரித்துப் பார்த்தது. அந்தப் பகுத்தறிவு இங்கும் வேண்டும் என்பதே என் வாதம்.

எனினும், "நாளைக்கே எல்லோரும் விதையுங்கள்" என்று சொல்ல நான் துணியமாட்டேன். அதற்குக் காரணங்கள் மூன்று. நார் வகையையும் போதை வகையையும் கண்ணால் பார்த்துப் பிரிப்பது அரிது, ஆய்வுக்கூடம்தான் சொல்லவேண்டும். இரண்டாவது, நம் மாவட்டம் கேரளத்தையும் கருநாடகத்தையும் தொட்டு நிற்பது. நாடுகாணியிலும் கக்கநல்லாவிலும் சோதனைச் சாவடி வைத்துக் காக்கவேண்டிய எல்லை. மூன்றாவது காரணத்தை இம்மலையில் பிறந்தவர்கள் நன்கறிவர். தேயிலையின் வேர் மண்ணைப் பிடித்து நிற்கும். ஆண்டுதோறும் கிளறி விதைக்கும் பயிரோ சரிவு மண்ணை மழையோடு அனுப்பிவிடும். உருளைக்கிழங்கில் நாம் படித்த பாடத்தை மறக்கலாமா?

பின் என்னதான் வழி? விடை நம் மலையிலேயே இருக்கிறது. 1860ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவிலிருந்து கிளெமென்ட்ஸ் மார்க்கம் கொணர்வித்த சின்கோனாச் செடிகளை உதகைத் தாவரவியல் பூங்காவின் மக்ஐவர் வளர்த்தார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்கள் எழுந்தன. மலேரியாக் காய்ச்சலுக்குரிய குயினைன் இங்கே ஆயிற்று. சின்கோனா போதைப் பயிரன்று, ஒப்புக்கொள்கிறேன். நான் சுட்டுவது முறையை. அரசே முதலில் நட்டது, அரசே ஆய்ந்தது, பிறகே அது மற்றவர் கைக்குப் போயிற்று. அத்தோட்டங்களின் பிற்கால வரலாறும் ஒரு பாடம். ஜாவாவின் உயர்ரகச் சின்கோனாவும், பின்னர் வந்த செயற்கை மருந்துகளும் நம் சின்கோனாவை வீழ்த்தின. புதுப்பயிர் என்றதும் பொன் விளையும் என்று நம்பும் எந்த விவசாயியும் நடுவட்டத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

ஆகவே, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உதகை ஆராய்ச்சி நிலையம் போன்ற ஓரிடத்தில், வேலிக்குள், சமநிலத்தில், நார் வகையை அரசே சில ஆண்டுகள் வளர்த்துப் பார்க்கட்டும். நம் குளிரில் டி.எச்.சி. எவ்வளவு ஏறுகிறது, நார் எவ்வளவு கிடைக்கிறது, வாங்குவோர் உண்டா என்பதை வெளியிடட்டும். பயன் உண்டெனில் இலை, விதை, தண்டு, பூ ஒவ்வொன்றுக்கும் தெளிவான விதி எழுதட்டும். இல்லையெனில் காரணம் காட்டி மறுக்கட்டும். இரண்டுமின்றி மௌனமாயிருப்பது, உழவனை வதந்திக்கும் தரகனுக்கும் ஒப்படைப்பதாகும்.

இறுதியாக, என் சக மாணவர்களுக்கு ஒரு சொல். 2022 ஆகஸ்டில் தமிழகமெங்கும் கல்வி நிலையங்களில் போதை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கப்பட்டது. உறுதிமொழி எடுத்த கையோடு சட்டத்தையும் அறிந்துகொள்வது நலம். விதி மாறும்வரை, கொல்லையில் ஒரே ஒரு செடி வளர்த்தாலும் 10 ஆண்டு வரை கடுங்காவல் கிடைக்கலாம். 1 கிலோவுக்கு உட்பட்ட கஞ்சாவை வைத்திருந்தாலும் ஓராண்டு வரை சிறை உண்டு. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு. "நண்பன் கொடுத்த பொட்டலம்" என்பது நீதிமன்றத்தில் எளிதில் எடுபடாது. அதே சட்டத்தின் 64அ பிரிவு, பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் தாமே முன்வந்து மருத்துவம் பெற்றால், சிறு அளவு தொடர்பான வழக்கிலிருந்து அவருக்குப் பாதுகாப்பும் தருகிறது. இதை விடுதியின் அறிவிப்புப் பலகையில் தண்டனைப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே எழுதிவைக்கலாம். அதைப் படித்து ஒரு மாணவர் மருத்துவரிடம் போனாலும் போதும்.

செடிக்கு நன்மையும் தெரியாது, தீமையும் தெரியாது. பகுத்துப் பார்க்கும் பொறுப்பு மனிதனுடையது. எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் எழுந்த கேள்விக்கு அரசு எழுத்தில் பதில் சொல்லும் நாளை எதிர்பார்க்கிறேன். அதுவரை என் தந்தையார் தேயிலையே பறிக்கட்டும்.