எந்த பார்க், ஸார்?

பன்னிரண்டு வருஷமாக தினமும் பார்க் ஸ்டேஷனில் இறங்குகிறேன். எந்த பார்க் என்று ஒருநாள்கூட யோசித்ததில்லை. நீங்கள் யோசித்திருக்கிறீர்களா? பத்து மணிக்குள் கையெழுத்துப் போட ஓடுகிறவன், ஸ்டேஷனுக்குப் பேர் வந்த கதையையா விசாரித்துக்கொண்டு நிற்பான்?

கேட்டது அப்பா. கண் புரை ஆபரேஷனுக்காக ஊரிலிருந்து வந்தவர். டாக்டர் 'இனி வெளியே போகலாம்' என்றதும், "உயிர் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போடா" என்றார்.

(இளைய தலைமுறைக்கு: அந்தக் காலத்தில் மியூசியம் என்றால் செத்த காலேஜ். மிருகக்காட்சி சாலை என்றால் உயிர் காலேஜ். நாம் படித்தது எதில் சேர்த்தி என்பது அவரவர் மனசாட்சிக்கு.)

"வண்டலூர்தானேப்பா?"

"அது இல்லடா. சென்ட்ரல் பக்கத்துல, மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால. எங்கப்பா தோள்ல உக்காந்து புலி பார்த்தேன்."

"அதெல்லாம் இப்ப இல்லப்பா."

"இடம் இருக்குமில்ல?"

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். 1859-ல் சென்னை கவர்னராக வந்த சார்லஸ் டிரெவல்யன், ஜனங்கள் காற்று வாங்கட்டும் என்று உண்டாக்கியது பீப்பிள்ஸ் பார்க். 116 ஏக்கர்! குளங்கள், பேண்டு வாசிக்க மேடை, அப்புறம் மிருகங்கள். பார்க் டவுன், பார்க் ஸ்டேஷன் எல்லாம் அது வைத்துவிட்டுப் போன பெயர்கள்.

சப்வே ஏறி சென்ட்ரல் பக்கம் வந்தோம். புறநகர் ரயில் கட்டடத்தைக் காட்டி, "இங்கதான்பா மூர் மார்க்கெட்" என்றேன். 1985 மே மாசம் எரிந்தது. அதே வருஷம்தான் மிருகங்களும் வண்டலூருக்குக் குடிபோயின. இப்போது மூர் மார்க்கெட்டின் குட்டி மாடல் ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள். அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதை ரொம்ப நேரம் பார்த்தார். "எனக்கு ஊதல் வாங்கித் தந்த கடை இதுக்குள்ள எங்கடா இருக்கும்?"

பக்கத்தில் விக்டோரியா ஹால். அடுத்தது 1913-ல் திறந்த ரிப்பன் மாளிகை. திரும்பினால் நேரு ஸ்டேடியம். மூர் மார்க்கெட் கடைக்காரர்களுக்கு இடம் கொடுத்த கட்டடத்துக்குப் பேர் அல்லிக்குளம் காம்ப்ளக்ஸ். பேரில் அல்லியும் இருக்கிறது, குளமும் இருக்கிறது.

நான் பி.காம். நாற்காலிக்குத் தேய்மானம் உண்டு, நிலத்துக்குக் கிடையாது என்பது பாலபாடம். 116 ஏக்கர் தேய்ந்த கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

மிச்சம், மை லேடீஸ் பூங்கா. போனோம். நாலைந்து பெரிய மரம். ஒரு பெஞ்சில் யாரோ முகத்தில் பேப்பர் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அப்பா இன்னொரு பெஞ்சில் உட்கார்ந்தார். புலியைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

"அதுக்கு அடுத்த வருஷமே எங்கப்பா போயிட்டார்டா" என்றார் திடீரென்று. "போட்டோ கிடையாது. மூஞ்சி ஞாபகமே இல்ல. தோள் மட்டும்தான் ஞாபகம். எண்ணெய் வாசனை, சட்டையில சுருட்டு வாசனை. இங்க வந்தா மூஞ்சியும் வருமோன்னு பார்த்தேன்."

முப்பத்தஞ்சு வருஷத்தில் இதை என்னிடம் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை, ஸ்டேஷனைக் கேட்காத மாதிரியே.

"வந்துதாப்பா?"

"இல்ல. ஆனா காத்து நல்லா வருது. கொஞ்ச நேரம் இருப்போம்."

ரெண்டு சுண்டல் வாங்கித் தின்று, இருட்டும் வரை இருந்தோம்.

திரும்பும்போது பிளாட்பாரத்தில் 'சென்னைப் பூங்கா' என்ற போர்டைப் புதுக் கண்ணால் எழுத்துக் கூட்டிப் படித்தார் அப்பா. "போர்டையாவது விட்டு வெச்சானுங்களே" என்றார். அதற்குள் தாம்பரம் வண்டி வந்துவிட்டது. ஸீட் பிடிக்க நான் ஓடினேன்.