அம்பும் அது பிறந்த காடும்

அம்பு செய்வது இலேசான வேலை என்று நாம் எண்ணிவிடக்கூடாது. நம் நாட்டு வேடர் மக்கள் சிங்களத்தில் 'வெலங்' எனப்படும் மரத்தில் நேரான தண்டைத் தெரிந்து, சீவி, மயிலிறகு கட்டினார்கள். நாணை விட்டதும் தண்டு சற்று வளைந்து வில்லைக் கடந்து, பின் நிமிர்ந்து பறக்கும். வில்லின் பலத்துக்கு மேல் விறைத்த தண்டும் குறி தவறும். மிகவும் துவளும் தண்டும் தவறும். எது பொருந்தும் என்பதைப் பழகிய கையே அறியும். அந்தப் பழக்கம் காட்டிலேதான் வந்தது.

1983இல் மாதுரு ஓயாக் காடு தேசியப் பூங்காவாயிற்று. அங்கிருந்த வேடர் குடும்பங்கள் பல மகாவலிக் குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டன. வயல் கிடைத்தது; காடு போயிற்று. சில குடும்பங்கள் தம்பானையை விட்டு அசைய மறுத்தன. இன்று அங்கே உல்லாசப் பிரயாணிகளுக்கு வில்வித்தை காட்டப்படுகிறது. வில் உண்டு, வேட்டை இல்லை.

இடம்பெயர்ந்த நமக்கும் இதில் பாடமுண்டு. விதைநெல் தெரிவதும், மண்ணின் பதம் பார்ப்பதும் நிலத்தோடு வாழும் அறிவு. மாற்றுக் காணி தருவோர் ஏக்கரை மட்டும் கணக்கிடுகிறார்கள். நாம் சொந்த மண்ணையே கேட்போம். அதுவரை, கிடைத்த துண்டு நிலத்தில் ஒரு பாத்தியாவது போட்டு, பிள்ளைகளின் கையை மண்ணுக்குப் பழக்குவோம்.