தூய நீருக்கே பரிசில்

சிங்கவரக் குன்றின் குடைவரையருகே நின்று கீழே நோக்குவார்க்கு வயல்கள் பசுமையாய்த் தோன்றும். அப்பசுமைக்கு அடியிலுள்ள கேணிநீரை நோக்குவார் எத்துணைப் பேர்?

பயிர் உண்ணாது விட்ட யூரியாவின் தழைச்சத்து நைட்டிரேட்டாகி மண்ணுள் இறங்குகின்றது. குடிநீரில் இலிட்டருக்கு 45 மில்லிகிராமே அதற்கு எல்லை. அதனை மீறின் கைக்குழந்தையின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். செஞ்சிப் பக்கத்து மலைகளில் தோன்றும் சங்கராபரணியோ, வழியிலுள்ள வயல்களின் வடிநீரையும் ஏற்று, வீடூர் அணை வழியே புதுவைக் கடல்வரை செல்கின்றது.

குற்றம் உழவருடையதன்று. 45 கிலோ யூரியா மூட்டை 270 உருபாவிற்கும் குறைவாக விற்கப்படுகின்றது. 2010இல் சத்தளவை ஒட்டி உரமானியம் திருத்தப்பட்டபோதும் யூரியா விலக்கி வைக்கப்பட்டது. மிகுதியாய் இடுவோர்க்கே மிகுதியான அரசுப்பணம்; தழையுரம் விதைத்து நீரைக் காப்போர்க்கு என்ன உண்டு?

அமெரிக்க நாட்டில் 2014ஆம் ஆண்டுப் பண்ணைச் சட்டம் இதற்கு ஒரு வழி வகுத்தது. நகராட்சிகளும் உழவர் அமைப்புகளும் கூடித் தம் பங்கையும் இட்டுத் திட்டம் தீட்டிப் போட்டியிடுகின்றன. தக்க திட்டமே காப்புத்தொகை பெறுகின்றது. ஆத்திரேலியாவிலோ பவளப்பாறைகளைக் காக்கக் கரும்புழவரிடம் எதிரேலம் விடப்பட்டது: குறைந்த தொகைக்கு மிகுந்த தழைச்சத்தைக் குறைப்போர்க்கே பணம்.

2023இல் இந்திய அரசு ஒப்பிய 'பி.எம். பிரணாம்' திட்டம், வேதியுரத்தைக் குறைக்கும் மாநிலத்திற்கு மிஞ்சும் மானியத்திற் பாதியைத் தருவதாகும். நன்றே! ஆயின் பரிசில் தலைநகரோடு நின்றுவிடின், மடையைத் திறக்கும் கைக்கு என்ன பயன்? போட்டி ஏரிக்கும் ஏரிக்கும் இடையே நடத்தல் வேண்டும்.

'பெருநிலக்கிழாரும் எழுத வல்லாருமே வெல்வர்' என்பார் உளர். அவ்வச்சம் பொய்யன்று. ஆகலின் மூன்று கட்டுப்பாடுகள் வேண்டும். விண்ணப்பம் உழவர்க்கு விளங்கும் எளிய தமிழில் அமைதல் வேண்டும். தனியாளன்றி ஓர் ஏரிப்பாசனத்தார் அனைவருமே ஓரணியாதல் வேண்டும். பாதித்தொகை முன்னரும், எஞ்சியது கேணிநீரை ஆய்ந்த பின்னரும் தரப்படல் வேண்டும். தாளில் எழுதிய தூய்மை குடத்திற்கு வாராது.

அரசு அறிவிக்கட்டும் என்று காத்திராதீர். வரும் ஊர்மன்றக் கூட்டத்திலேயே கேணிநீரை ஆய்ந்து கணக்கெழுதி வைக்கக் கேளுங்கள். இன்றைய அளவை அறியாத ஊர், நாளை குறைத்தது இவ்வளவென்று எங்ஙனம் காட்டும்?