முதியோர்க்கு முதிய இருதயம்

1967ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்டு என்பார், விபத்தில் மாண்ட ஓர் இளநங்கையின் இருதயத்தை ஐம்பது பிராயம் கடந்த ஒருவரின் மார்பில் பொருத்தினார். நோயாளி அதன்பின் வாழ்ந்தது 18 நாட்களே. ஆயினும் அன்று தொடங்கிய சிகிச்சை பின்னர்ப் பல்லாயிரவர்க்கு உயிர் அளித்துள்ளது.

இன்று எழும் வினா வேறு. கிடைக்கும் இருதயங்களோ சில. வேண்டி நிற்போரோ பலர். எழுபதை அணுகிய முதியவரும் முப்பது வயதுத் தாயும் ஓர் இருதயத்தையே எதிர்நோக்குவராயின், அதனை யாருக்கு ஈவது? இளையோர்க்கே என்பர் சிலர். வயதைக் கொண்டு உயிரை எடைபோடுதல் முறையன்று என்பர் வேறு சிலர். இருதிறத்தார் கூற்றிலும் நியாயம் உண்டு.

இச்சிக்கலுக்கு லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலை வைத்தியர்கள் 1992இல் ஒரு வழி கண்டனர். வயது மிகுதியால் வழக்கமான ஜாபிதாவில் இடம் பெறாதார்க்கு இரண்டாவது ஜாபிதா ஒன்றை வகுத்து, முதுமை முதலிய காரணங்களால் பிறர் ஏலாது விடுத்த இருதயங்களை அவர்க்கு அளித்தனர். இதனால் இளையோர் பங்கு குறையவில்லை, முதியோரும் கைவிடப்படவில்லை. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் 1999 முதல், 65 வயது எய்தியோரின் சிறுநீரகங்களை அவ்வயதினர்க்கே அளிக்கும் ஏற்பாடும் உளது.

முதிய இருதயம் பழுதுடையதன்றோ எனின், அவ்வச்சம் வீணன்று. அதன் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருத்தல் கூடும்; உடலுக்கு வெளியே நெடுநேரம் அது தாங்காது. ஆகவே குழாய்களைப் படமெடுத்து ஆராய்தலும், ஏறக்குறைய நான்கு மணிக்குள் பொருத்தி முடித்தலும் இன்றியமையாதன. ஆனால், அவ்விருதயத்தை இளைய இருதயத்தோடு ஒப்பிடுதல் தகாது. அம்முதியவர்க்கு இளைய இருதயம் கிட்டப்போவதில்லை. அதற்கு மாறாக நிற்பது பெரும்பாலும் மரணமே.

ஆதலின் இம்முறையை யாம் ஆதரிக்கின்றோம். எனினும் இரண்டு நிபந்தனைகள் வேண்டும். இருதயத்தின் வயதையும் அதனால் நேரக்கூடிய இடரையும் நோயாளிக்கு ஒளியாது உரைத்து, அவர் முழுமனச் சம்மதம் பெறல் ஒன்று. மறுப்பவர்க்கு ஏனைய சிகிச்சையில் யாதொரு குறைவும் நேராமை மற்றொன்று. இவையின்றேல், முதியோர்க்குச் செய்யும் உபகாரம் கழிந்த பொருளை அவர்மேல் சுமத்துவதாக முடியும். இவை உளவாயின், அறுபது ஆண்டு துடித்த ஓர் இருதயம் மண்ணுக்கு இரையாகாமல், பேரரின் கைப்பிடித்து நடக்க விரும்பும் ஒருவர் மார்பில் இன்னும் சில்லாண்டு துடிக்கும்.